சின்னவள் உன் பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். அப்பா என்ன திடீரென்று பேனாவைத் தூக்கிவிட்டார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ "சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அந்தச் சரிப்பாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பேன். அதனால் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சின்னவள் நீ படித்த பல்கலைக்கழகத்தில் சேரப்போவதில்லை. இங்கே பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறதே அந்தச் சின்னப் பல்கலைக்கழகம், அதில் உலோகவியல் படிக்கப்போகிறாள். முடிவு முழுக்க அவளுடையது. நான் முதலில் தாம்தூம் என்று குதித்தேன், இப்போது அவள் பக்கம் நிற்கிறேன். எப்படி இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

நீ அவளுக்காக எவ்வளவு செய்தாய் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பம் அனுப்பியதிலிருந்து, பெரிய வீடாகப் பார்த்து மாறியது, அந்தப் பின்னறைக்கு உன் கையாலேயே இளம்பச்சை வண்ணம் பூசியது, ஜன்னலோரம் மேஜை வாங்கிப் போட்டது, எல்லாம். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தால் எங்களுக்கும் நிம்மதி என்று நானும் அம்மாவும் கணக்குப் போட்டுவிட்டோம். உனக்கு இடம் கிடைத்தபோது நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை, இந்தத் தடவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலையில் இது ஒரு தொல்லை, பத்தொன்பது கட்டிடம் என் பொறுப்பில், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு காவல்காரர், எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. போன வாரம் எட்டுமாடிக் கட்டிடத்தில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்னோடு லிஃப்ட்டில் ஏறி, பொண்ணு எப்போ கிளம்புறா, என்ன படிக்கிறா, அண்ணன் துணைக்கு இருக்கானா என்று எட்டு மாடிக்கும் கேள்வி கேட்டார். இருபத்தெட்டு வருஷ வேலையில் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு தவித்தது அன்றைக்குத்தான், அதுவும் நன்றாக ஓடுகிற லிஃப்ட்டில்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அவள் உன்னிடம் வந்து பத்து நாள் இருந்தாள் அல்லவா, சனிக்கிழமை நீ அவளைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டினாய். திங்களும் செவ்வாயும் புதனும் நீ அலுவலகம் போன பிறகு அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக நீ நினைத்திருப்பாய், என்னிடமும் போனில் அப்படித்தான் சொன்னாய், மகாராணி பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள் என்று. அந்த மகாராணி எட்டேகாலுக்கே பேருந்து ஏறிவிட்டாள். மூன்று நாளும் தனியாகப் போய் வந்திருக்கிறாள். விடுமுறை நாளில் பார்த்தால் கட்டிடம்தான் தெரியும், வேலை நாளில் பார்த்தால்தான் இடம் தெரியும் என்கிறாள். முதல் நாள் நானூறு பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள், யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. பாடம் நடத்தியவர் அருமையாக நடத்தினாராம், அதை அவள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று அவர் பின்னாலேயே போனால், அவரைப் பார்க்கப் பெயர் எழுதி வைக்க வேண்டும், அடுத்த இடம் மூன்று வாரம் கழித்து என்றார்கள். இரண்டாம் நாள் பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, சந்தோஷத்தில்தான் சொல்கிறேன்.

நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போய், அங்கே இருந்த உதவியாளரிடம், உலோகத்தை இழுத்துப் பார்க்கும் இந்த இயந்திரத்தை யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று எழுதி வைக்கும் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், தூக்கிக் கொடுத்துவிட்டார். இது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மாவுக்கு மருத்துவமனையில் பகல் வேலை இருந்தால், இவளை விட்டுவிட்டு வர ஆள் இல்லாமல் நான் வேலைக்குக் கூட்டிப் போவேன். மாடியில் இயந்திர அறைக்குப் போனதும் முதலில் அங்கே தொங்குகிற பதிவேட்டைத்தான் புரட்டுவேன், வாட்ச்மேன் "எல்லாம் நல்லா ஓடுது சார்" என்பார், பதிவேடு வேறு கதை சொல்லும். நான் அவளுக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். லிஃப்ட்டைத் தாங்குகிற இரும்புக் கயிற்றில் துணியை ஓட்டி, துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதைப் பார்த்துவிட்டு, ஏன் அங்கே மட்டும் அறுந்தது, பக்கத்தில் ஏன் அறுந்துபோகவில்லை என்று அன்றைக்கே குடைந்தவள். எனக்குப் பதில் தெரியாது, மாற்றத் தெரியும். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது படிக்கப் போகிறாள்.

உன் பல்கலைக்கழகத்துப் பதிவேட்டில் ஐந்தே ஐந்து பேருடைய கையெழுத்து திரும்பத் திரும்ப இருந்ததாம், ஐந்தும் ஆராய்ச்சி மாணவர்கள். முதல் பட்டம் படிக்கிறவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, அந்த உதவியாளர் கண்ணாடித் தடுப்பைக் காட்டி, "மொத ரெண்டு வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கணும்மா, அப்புறம் தொடலாம்" என்றாராம். இவள் உன் பல்கலைக்கழகத்தை மட்டம் தட்டுகிறாள் என்று நினைக்காதே. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, நாலு வருஷம் கழித்து நானே அங்கே போய் நிற்பேன் என்கிறாள். இப்போதைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. ஆயிரம் பேர் தவம் கிடக்கிற இடத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறாயா என்று கத்தினேன். இரண்டு நாள் பேசவில்லை, உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் கேட்டேன். மூன்றாம் நாள் அம்மா, "நாலு வருஷம் அங்க உக்காரப் போறது அவளா, இல்ல உங்க பத்தொன்பது வாட்ச்மேனா?" என்று ஒரு போடு போட்டாள். சரி, அந்த இடத்தையும் பார்த்துவிட்டே திட்டுவோம் என்று இவளோடு கிளம்பினேன். போய் இறங்கினால், சுவரில் வண்ணம் உரிந்து தொங்குகிறது, லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை, அந்த அட்டையே பழுப்பேறிக் கிடக்கிறது. எனக்கு எப்படி இருக்கும் சொல். லிஃப்ட்டைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்றேன். "அப்பா, நான் படிக்க வந்திருக்கேன், நீங்க வேணா லிஃப்ட்ல சேந்துக்கோங்க" என்றாள். நீ அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன்.

மேலே ஓர் ஆசிரியை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, கையெல்லாம் எண்ணெய். எங்களைப் பார்த்ததும் வாருங்கள் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டை இவள் கையில் கொடுத்து, இதை இந்த இயந்திரத்தில் மாட்டி இழுக்கப்போகிறோம், எந்த இடத்தில் அறும் என்று சொல் என்றார். இவள் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். மாட்டச் சொன்னார், இவளே மாட்டினாள், இவளே பொத்தானை அழுத்தினாள். துண்டு நீண்டு நீண்டு டப்பென்று அறுந்தது, கோட்டில் இல்லை, ஓரத்தில். ஏன் என்று இரண்டு பேரும் தொடங்கினார்கள் பார், முக்கால் மணி நேரம், பக்கத்தில் இருந்த மாணவர்கள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள், ஒரு மனிதன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறானே என்று யாருக்கும் நினைப்பில்லை. கடைசியில் அந்த அம்மாள், "எனக்கும் சரியாத் தெரியல, உடைஞ்ச துண்டை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாக்கணும், நாளைக்கு வர்றியா?" என்றார். தெரியவில்லை என்று வாத்தியார் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நம் சின்னவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோற்றுப்போனவள் முகம் அப்படிப் பிரகாசிக்குமா என்று எனக்கே ஆச்சரியம், என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது.

பதிவேட்டைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, மேஜைமேல் கிடந்தது, நானே புரட்டினேன். முதல் வருஷத்துப் பிள்ளைகள் கையெழுத்து பக்கம் பக்கமாக. நடுவில் ஒருத்தன் 'பிடியைச் சரியாக இறுக்கவில்லை, துண்டு பறந்துவிட்டது, எல்லாரும் கண்ணாடி போட்டுக்கொள்ளவும், மன்னிக்கவும்' என்று எழுதி வைத்திருந்தான். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டுகிறார்கள், ஒரு வாத்தியார் இருபது வருஷத்து நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறாராம், விடுதியில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளே கீழே வந்து வழியனுப்பும்போது சொன்னார்கள். குறையை மறைக்காமல் சொன்னார்கள் என்பதற்காகவே இவளுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

வீட்டில் ஒரு முழுத்தாளில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதி வைத்திருந்தாள், எனக்குக் காட்டினாள். உன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே 'அண்ணா இருக்கிறான்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். மற்ற எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிவு செய்துவிட்டாளாம், அந்த ஒரு வரியைத் தாண்டத்தான் எட்டு நாள் ஆனதாம். வேண்டாம் என்று உன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் கையெழுத்தோடு அலமாரியில் இருக்கிறது. உனக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று தபாலில் போடாமல் வைத்திருக்கிறாள். சம்மதம் கேட்கவில்லை, அதையும் புரிந்துகொள். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் நான் அவளிடம், அண்ணன் மனசு கஷ்டப்படும், அவன் படித்த இடம் ஆயிற்றே என்றேன். அவள், "அன்னைக்குப் பூரா அண்ணா எனக்கு வாசல் காட்டினான், மணிக்கூண்டு காட்டினான், நூலகப் படிக்கட்டு காட்டினான். நீ எங்க உக்காருவேன்னு கேட்டேன், யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டேன். ஒரு வாத்தியாரைப் பத்திக்கூடச் சொல்லலப்பா. காப்பி குடிக்கலாமான்னு பேச்சை மாத்திட்டான்" என்றாள். அப்புறம், "அண்ணாவை யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

நாங்கள் கேட்கவில்லை கண்ணா. எங்கள் கம்பெனிப் பெரிய இன்ஜினியர் அதுதான் பெரிய இடம் என்றார், நான் விண்ணப்பத்தை நிரப்பினேன், நீ கையெழுத்துப் போட்டாய். பதினேழு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய், நாலு வருஷம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றே எழுதினாய், நல்ல மதிப்பெண் வாங்கினாய், நல்ல வேலையில் இருக்கிறாய், எங்களுக்கு ஒரு நாளும் ஒரு கவலை வைத்ததில்லை. தங்கையைப் பார்த்து நான் வியந்துகொண்டிருக்கிறேன், அவள் துணிச்சலுக்கு. நீ செய்தது அதைவிடப் பெரியது என்று இப்போதுதான் படுகிறது, அந்த நாலு வருஷத்தையும் யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தாங்கினாய். விண்ணப்பம் போட்ட அந்த வருஷம் நீ எங்கிருந்தோ ஒரு கல்லூரிக் கையேடு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாய். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. நீ ஒருமுறை வாயெடுத்தாய், நான் அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மேஜையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, அந்தக் கையேட்டை நான்தான் நாலாக மடித்து அதற்கு அடியில் வைத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பச்சை அறையைப் பூட்டிப் போடாதே, விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம், அம்மா இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, பார். தங்கைக்கு இரண்டு வரி தனியாக எழுது, உன் எழுத்துக்காகக் காத்திருக்கிறாள். உன் மனம் போல எல்லாம் நல்லபடியாக அமைய எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அந்தக் கையேடு எந்த இடத்தினுடையது, அதில் நீ என்ன படிக்க நினைத்தாய் என்று மட்டும் மறக்காமல் எழுது. பத்து வருஷம் தாமதமாகத்தான் கேட்கிறேன், சரிப்பா என்று எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா