ஒற்றைச் சறுக்கின் தடம்

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள மகள் லூஷாவுக்கு,

பப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், மூச்சு வருகிறது, இரண்டு முழங்கால்களும் ஒழுங்காக மடங்குகின்றன, கூரையில் இன்னும் நான்கடிப் பனி கிடக்கிறது. அங்கே நீயும் உன் கணவனும் வெயிலில் கருத்து, கடலில் குளித்துச் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், நீ வாய் திறந்து சொன்னால்தானே தெரியும். பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது, "பெரியப்பா முன்னாடி நீங்க குனியாம நான் உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன் பப்பா. ஏப்ரல்ல வந்தா அவங்க வீட்லதான் தங்குவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது, கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் நீ படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

வீட்டுச் செய்திகள் முதலில். சமையலறைக் குழாய் ஜனவரியில் இரண்டு முறை உறைந்து வெடித்தது. பள்ளியில் தலைமை ஆசிரியர் வேலை இந்த முறையும் எனக்கு இல்லை, என்னிடம் இயற்பியலில் இரண்டு தடவை தோற்ற ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள், தினமும் காலையில் அவன் என்னை "சார்" என்று கூப்பிட்டுவிட்டு எனக்கு வேலை சொல்கிறான். நீ விட்டுப்போன பூனை செத்துவிட்டது. மண் கல்லாக உறைந்திருப்பதால் புதைக்க முடியவில்லை, விறகுக் கொட்டகையில் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், நீ வந்ததும் நீயே புதைக்கலாம். பாலி பெரியம்மா வாரம் ஒரு சட்டி போர்ஷ்ட் சூப் அனுப்பிக்கொண்டிருந்தாள், பிப்ரவரிக்குப் பிறகு சட்டி வருவதில்லை. நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை.

இனி பைக் விஷயம். ஊரில் எல்லாரும் அந்த பைக்கைத்தான் திட்டுகிறார்கள், ஆகவே அதை வாங்கச் சொன்னது யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீதான். என் இடது தோள் போனபோது, "அந்த இருநூத்தம்பது கிலோ பனிவண்டிய இன்னும் இழுத்துட்டு இருந்தீங்கன்னா சட்டை போடக்கூட ஆள் தேடணும் பப்பா, இதப் பாருங்க" என்று அந்த வீடியோவை அனுப்பினாய். முன்சக்கரத்துக்குப் பதில் ஒரே ஒரு சறுக்குக்கட்டை, பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை, சாய்ந்தால் திரும்புகிறது, தோளுக்கு வேலையே இல்லை. பதினோரு குளிர்காலம் ஓட்டிய, முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை வைத்த என் பனிவண்டியை பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டு அதை வாங்கினேன். மறுவாரம் பார்த்தால் என் பனிவண்டி உன் பெரியப்பா மாட்வே வீட்டு முற்றத்தில் நிற்கிறது. நேராகக் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்து வேறு ஆளை அனுப்பி வாங்கியிருக்கிறான். என் பெயர் எழுதியிருந்த இடத்தில் அவன் பெயரை ஒட்டியிருந்தான். கேட்டதற்குச் சிரிக்கிறான். "நீ வேண்டாம்னு வித்ததத்தானேடா வாங்கினேன்? அம்பத்துநாலு வயசுல ஒத்தக்கால் கொக்கு மாதிரி நிக்கப் போறேங்கற, போய் நில்லு. சர்க்கஸ்காரன் வந்தா உன் விலாசத்தக் கொடுக்கறேன்" என்றான். பாலி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சொந்தமாக இருப்பது எதுவானாலும் அவனுக்கு வேண்டும், எப்போதும் அப்படித்தான். உன் கல்யாணத்தில் உன் ஒரு கையை நான் பிடித்து நடந்தேன், மறு கையை அவன் பிடித்து நடந்தான், அதை அவன் கேட்கவில்லை, நீயே கொடுத்தாய், அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

முதல் மாதம் நான் விழுந்துகொண்டேதான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. பனிவண்டி நிறுத்தினால் நிற்கும். இது நிற்காது, காலை ஊன்ற வேண்டும், அதுவும் சரிவின் மேல்பக்கக் காலை. பழக்க தோஷத்தில் கீழ்ப்பக்கக் காலை வைத்தால் இடுப்புவரை பனியில் இறங்கி, பைக் மேலே வந்து விழும். பின்னால் ஓட்டவும் முடியாது, திருப்ப வேண்டுமானால் படுக்கப் போட்டு முன்னால் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் பழகிய பிறகு, லூஷா, அது போகிற இடத்துக்கு எந்தப் பனிவண்டியும் போகாது. சுவர் மாதிரியான சரிவில், ஃபிர் மரங்களுக்கு நடுவில், ஒரு முழ அகலத் தடத்தைக் கீறிக்கொண்டு குறுக்கே போய்விடும். மாட்வே என் பின்னால் ஏறி வர முடியாமல் அடிவாரத்திலேயே நின்ற நாள்களில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வெட்கமில்லை.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, வழக்கம்போல் பழைய சுரங்கத்துக்கு மேலே இருக்கும் பனிவண்டிச் சங்கக் குடிசையின் கூரைப் பனியைத் தள்ளப் போனோம். வேலை முடிந்து மற்றவர்கள் முன்னே இறங்கிவிட்டார்கள், நானும் மாட்வேயும்தான் கடைசி. நான் முன்னால், அவன் என் பழைய வண்டியில் பின்னால். பாதை பிரியும் இடம் உனக்குத் தெரியும், இடதுபக்கம் அகலச் சாலை, வலதுபக்கம் மரங்களுக்குள் ஓடைக்கு மேலான சரிவு. முன்னால் போகிறவன் அங்கே நின்று, பின்னால் வருபவன் கண்ணில் பட்டு, கையால் வழி காட்டிய பிறகுதான் நகர வேண்டும், இந்த விதியை உனக்கு ஏழு வயதில் கற்றுக் கொடுத்தவன் நான். அன்று நின்றதாகவும், கொஞ்ச நேரம் பார்த்தும் அவன் வராததால் வழக்கப்படி சாலையில் இறங்கிவிடுவான் என்று நினைத்து வலதுபக்கம் போனதாகவும் போலீசிலும் சங்கத்திலும் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மாட்வே என் தடத்தில் வந்துவிட்டான். பனிவண்டிக்காரர்கள் எல்லாரும் செய்யக்கூடியதுதான். புதுப்பனியில் ஒரு தடம் தெரிந்தால் முன்னே ஒரு வண்டி போயிருக்கிறது, நாமும் போகலாம் என்று யோசிக்காமல் ஏறிவிடுவார்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரி வண்டி இருந்த காலத்தில் அது சரி. என் தடமோ ஒற்றைச் சறுக்கின் தடம், அதில் அவனுடைய இரண்டு சறுக்குகளில் ஒன்றுதான் அடங்கும், மற்றது கீழே அந்தரத்தில் தொங்கும். நூறு அடி தாண்டியிருக்க மாட்டான், வண்டி அவனோடு உருண்டது. இஞ்சின் அலறி நின்றது எனக்குக் கேட்டது. பைக்கைப் படுக்கப் போட்டுத் திருப்பி வந்தேன். வண்டி ஓடைக் குழியில் தலைகீழாகக் கிடந்தது, அவன் ஒரு மரத்தடியில், வலது தொடை வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தது. "உன் தடத்த நம்பித்தானேடா வந்தேன்" என்றான். பிறகு, "என்ன ஏத்திக்கோ வசிலி" என்றான். நான், "எங்க ஏத்தறது? கொக்குக்கு பின்சீட்டு கிடையாது" என்றேன். சொன்னேன்தான். அந்த நிலையிலும் அவன் சிரித்தான், சிரித்ததில் வலி ஏறிக் கத்தினான். அவனை ஏற்றி இறக்கக்கூடிய ஒரே வண்டி, நான் விற்று அவன் வாங்கிய வண்டி, ஓடைக்குள் கிடந்தது. பள்ளத்திலிருந்து ரேடியோ எடுக்கவில்லை. என் கோட்டை அவன்மேல் போர்த்திவிட்டு அடிவாரம் வரை போய் ஆள்களைக் கூட்டி வந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், வலது காலில் பனியில் உறைந்துபோன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள், அந்த முழங்கால் இனி முழுதாக மடங்காது என்கிறார்கள். இனி அவன் எந்த வண்டியிலும் ஏறப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும், "தப்பு என்னோடது, தம்பி மேல ஒண்ணும் இல்ல" என்றே சொன்னான். பாலி டீ வாங்க வெளியே போன நேரத்தில் மட்டும் என்னைப் பார்த்து, "பாதை பிரியற எடத்துல நீ என்னப் பார்த்தியாடா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சரி" என்றான்.

அடுத்து நடந்தது பாலி உனக்குச் சொன்ன கதை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில், மேசையில் ரொட்டியும் உப்பும் தண்ணீரும், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், ஒருவர் முன் ஒருவர் குனிந்து வணங்கும் முறை வந்தபோது, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, கம்பி வைத்த காலை நீட்டிக்கொண்டு, அவன் என் முன்னால் குனிந்தான். வியர்த்துக் கொட்டியது. ஊரே பார்த்தது. பதிலுக்குக் குனியாமல் நான் நிமிர்ந்தே நின்றேன், பிறகு வெளியே போய்விட்டேன். "பாட்டன் காலத்துலேருந்து இப்படி ஒருத்தனும் நின்னதில்ல" என்று பாலி கத்தியது வாசல் வரை கேட்டது. அதற்குத்தான் உனக்கு இவ்வளவு கோபம்.

குனிவது எதிரில் நிற்கிற ஆளுக்கு அல்ல, அவனுக்குள் இருக்கிற கடவுளுக்கு என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லித் தந்தார்களே, அதனால்தான் குனியவில்லை. மனதில் பொய்யை வைத்துக்கொண்டு குனியக் கூடாது என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. பாதை பிரியும் இடத்தில் நான் நின்றேன், அது உண்மை. திரும்பிப் பார்த்தேன். மாட்வே வந்துகொண்டிருந்தான், விளக்கு தெரிந்தது, மஞ்சள் தொப்பி தெரிந்தது, அவன் கையைக்கூட உயர்த்தினான். இடதுபக்கம் என்று நான் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. வலதுபக்கம் திரும்பினேன். அவன் என் தடத்தில்தான் வருவான், என் பழைய வண்டி அந்தச் சரிவில் நிற்காது, இரண்டும் எனக்குத் தெரியும். விழட்டும், பனியில் புரண்டு எழுந்து வரட்டும், ஒருமுறை நான் சிரிக்கிறேன் என்று நினைத்தேன். அவன் கால் போகும் என்று நினைக்கவில்லை.

இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இப்போது உனக்குத் தெரியும். நீ ஏப்ரலில் வந்து பெரியப்பா வீட்டிலேயே தங்கு. அவன் காலை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, உன் தட்டில் ரொட்டியை வைத்து, "உங்கப்பன் நல்லவன்தான், சாப்பிடு" என்பான். அவனிடம் சொல்லிப் பார், அல்லது சொல்லாமல் இருந்து பார். எது சுலபம் என்று எனக்கு எழுது, நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீயும் உன் கணவனும் நோயில்லாமல், கை கால் சுகத்தோடு நெடுநாள் இருக்க வேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. மண் இளக ஏப்ரல் மூன்றாம் வாரம் ஆகும், பூனையை மறந்துவிடாதே. எந்த வீட்டுக்கு வருகிறாய் என்று இரண்டு நாள் முன்னதாகச் சொல், உன் அறை சூடாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

உன் அப்பன்,
வசிலி