திருத்தங்களுடன் அச்சிடலாம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். மகள் வீட்டில் உன் நலமும் அவர்கள் நலமும் குழந்தை நடக்க ஆரம்பித்த விவரமும் போனில் தெரிந்துகொண்டேன். வாராவாரம் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. போனில் நீ கேட்பதும் ஒரே கேள்விதான்: 'துரை சாப்பிட்டானா?' நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்டு எட்டு மாதம் ஆகிறது. நாய்க்கு இருக்கிற மவுசு எனக்கு இல்லை, போகட்டும்.

எதிர்ப்புறம் இருந்த புத்தகக் கடையை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது, நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறுகிறேன். நான் வேலை பார்த்த பேப்பரைப் பிரித்தால் வயிறு எரிகிறது. நான் ஓய்வு பெற்றபின் அங்கே பிழை திருத்த, புரூஃப் பார்க்க ஆளே போடவில்லை போலிருக்கிறது. போன வாரம் பாலம் இடிந்து ஒன்பது பேர் செத்த செய்தியில் மட்டும் பதினோரு பிழை. ஒன்றுவிடாமல் சிவப்புப் பேனாவால் சுழித்தேன். கீழே வாட்ச்மேன், "எந்தப் பாலம் சார் இடிஞ்சுது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தவன் நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். துரை நம் வீட்டில் இல்லை. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறான்.

ஒரு நாள் மத்தியானம் நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு தாளோடு வந்தார். "சார், உங்க கை பட்டா நல்லாயிருக்கும்" என்று குழைந்தார். வேலையை விட்டு இரண்டு வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒற்று, கமா, பத்தி எல்லாம் பார்த்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம், கை தானாகவே கீழே 'திருத்தங்களுடன் அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டது. துரை அப்போது என் காலடியில்தான் படுத்திருந்தான்.

மூன்றாம் நாள் அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் ஏறியது. வளர்ப்புப் பிராணிகளைப் பதினைந்து நாளில் வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம். பிராணி வளர்க்கிற எல்லா வீட்டாரும் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். பூனை வைத்திருந்த பல் டாக்டர் முன்னாலேயே சம்மதித்துவிட்டாராம். மிச்சம் நான் ஒருவன்தான். போய்க் கத்தினேன். அவர் கூலாகத் தாளை நீட்டினார். "படிக்காமலா சார் கையெழுத்துப் போட்டீங்க? கமா முதக்கொண்டு திருத்தியிருக்கீங்களே!" படிக்காமலே கமா போட முடியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீ ஒருத்திதான் நம்புவாய்.

அச்சகத்தில் மெஷின் பார்த்த நம் குண்டு நண்பர் துரையைக் கூட்டிப்போனார். அவர் வீட்டில் தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் பார்க்கப் போனேன். ஓடி வந்து ஒரு தடவை வாலை ஆட்டினான். அவ்வளவுதான், திரும்பிப் போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டான். பத்தே நாளில்! நன்றி கெட்ட நாய் என்று திட்ட வாய் வரை வந்தது. நன்றி காட்ட நான் அவனுக்கு என்ன செய்தேன்? சோறு போட்டதும் குளிப்பாட்டியதும் நீ. நீ போன பிறகு நான் கடனே என்று சோறு வைத்து, ஒரு கையில் பேப்பரும் ஒரு கையில் சங்கிலியுமாக நடந்ததோடு சரி. போனில் 'தூங்குகிறான்' என்று இரண்டு தடவை உன்னிடம் பொய் சொன்னேன். மன்னித்துவிடு.

வீடு திரும்பியதும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இப்படி இன்னும் எதையெல்லாம் படிக்காமல் விட்டேனோ என்று, நீ போன புதிதில் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் ஆறு இடத்தில் சிவப்புச் சுழி. வெட்கமாக இருந்தது. மூன்றாவது பத்தியில், 'இங்கே நான் பேசினால் நிமிர்ந்து பார்க்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. அதனால் என் கண் அங்கே நிற்கவில்லை. மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள் ஒன்றரை வருஷமாக ஏன் வரவில்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. என் கையிலிருந்த பேப்பரை ஒரு நாளாவது பிடுங்கிக் கிழித்திருக்கலாமே.

எப்போது வருகிறாய் என்று கேட்கும்போதெல்லாம், "துரைக்காகவாவது வரணும்" என்பாய். அவனுக்காக மட்டும்தான் என்றால் நண்பரின் முகவரி கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. நேராக அங்கேயே போய் அவனைக் கூட்டிக்கொள், இந்த நாலு மாடியை ஏற வேண்டாம். வேறு காரணம் ஏதாவது மிச்சம் இருந்தால் எழுது. இல்லை என்றாலும் அதையும் எழுது, மறைக்காதே. குழந்தைக்கு என் ஆசிகள். நீ நன்றாக இரு. அங்கேயே இருப்பது என்றாலும், நன்றாக இரு.

இப்படிக்கு,
குழந்தையின் தாத்தா