கடைசியில் ஒரு காலியிடம்

இன்று காலை ஒரகடம் அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் ஒரு குறிப்பு வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருத்தி அனுப்பியது. ‘சார், உங்க புரோகிராம் டேபிள்ல ஒவ்வொரு வரிசை கடைசியிலயும் ஒரு இடம் சும்மா இருக்கு. எடுத்துடலாமா?’ நீ சொல்லித்தந்து நான் விட்டுவைக்கும் இடம் அது. நீ இறந்து ஒரு வருடம் ஆகிறது.

கார் மோதினால் தகடு எப்படி நசுங்கும் என்று கணக்குப் போடும் வேலையில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் நான் பென்னலூரில் ஏறுவேன், நீ பிள்ளைப்பாக்கத்தில். மற்றவர்கள் தூங்குவார்கள், நீ வெக்டார் கணினிகளைப் பற்றிப் பேசுவாய். வானிலை கணிக்க ஓடிய அந்தக் காலத்து ராட்சத இயந்திரங்கள். எண்ணுக்கு ஒரு கட்டளை என்றில்லாமல் வரிசை முழுவதற்கும் ஒரே கட்டளை. முதல் எண்ணின் வேலை முடியும் முன்பே அடுத்தது உள்ளே நுழைந்துவிடும், நம் அசெம்பிளி லைனில் கார்கள் நகர்வதைப்போல. பிறகு மலிவான சின்ன ப்ராசசர்கள் கூட்டமாக வந்து அவற்றை ஓரங்கட்டின. உன் சொந்தக்காரர் யாரோ ஏமாந்த மாதிரி கோபப்படுவாய்.

நம் கம்பெனி அப்படியொரு கணினியை வாடகைக்கு எடுத்துப் பார்த்தபோது புரோகிராமை நீதான் எழுதினாய். வரிசைக்கு 1024 எண்கள், கடைசியில் ஒரு காலியிடம். தங்கை கல்யாணத்துக்கு நீ மூன்று நாள் லீவு போட்டாய். புரோகிராமை மாற்றும் அனுமதி என் கைக்கு வந்தது. காலியிடத்தை வீண் என்று நினைத்து எடுத்தேன், மேனேஜரிடம் பாராட்டும் வாங்கினேன். அதன்பின் கணக்கு நகரவே இல்லை.

கையில் மருதாணியோடு திரும்பி வந்தவள் திரையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாய்.

“கேன்டீன்ல எட்டு கவுண்டர் இருந்தும் எல்லாரும் ஒரே கவுண்டராண்ட போய் நின்னா இன்னாப்பா ஆவும்?”

எண்களும் நினைவகத்தில் அப்படித்தான், கவுண்டருக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். டேபிளை மேலிருந்து கீழே படிக்கையில் 1024 இடம் தாண்டினால், அது எட்டால் மீதியின்றி வகுபடுவதால், ஒவ்வொரு முறையும் அதே கவுண்டர். 1025 தாண்டினால் அடுத்த கவுண்டர். அந்தக் காலியிடம் இருந்தது அதற்காக.

“யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கல. திருப்பி வெச்சிடு.”

நான் வைக்கவில்லை. வைத்தால் கணக்கு நின்றது என்னால்தான் என்று வெளியே வந்துவிடும்; பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய வாரம் அது. மறுநாள் கூட்டத்தில் மேனேஜர், வெக்டார் கணினி செத்துப்போன வித்தை, எழுதியவளும் சரியில்லை என்றார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெயின்ட் ஷாப்பில் கீறல் பார்க்க அனுப்பினார்கள். அதன்பிறகு பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. உனக்கு நோய் வந்ததும் நீ போனதும் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குத் தெரிந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கூட்டத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம் நீ. செத்துப்போனது என்றார்களே, அதே வித்தை இன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு போனிலும் ஓடுகிறது. எங்கள் புதுக் கணினியிலும் அதுதான். நான் எந்த டேபிள் போட்டாலும் கடைசியில் ஓர் இடத்தைக் காலியாக விடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு உன் கேன்டீன் கணக்கைச் சொல்லி, எடுக்காதே என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: ‘சூப்பர் சார். உங்க ஐடியாவா?’

மதியச் சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது, நான் இன்னும் பதில் போடவில்லை. உன் பெயரை டைப் அடித்தால், அடுத்த வரியில் அன்று எடுத்தவன் என்று என் பெயரையும் அடிக்க வேண்டும்.