உயிரோடிருந்தவருக்கு ஓர் இரங்கற்பா

ஜூன் 28, சனி

விடியற்காலை முதல் கச்சான் காற்று. மாடிக் கொடியில் உலர்ந்த வெள்ளைப் புடவை முழுவதும் புழுதி. மறுபடி அலசினேன்.

வேலைகள்: மின்கட்டணம். கண்ணுக்குச் சொட்டு மருந்து. கைப்பேசியில் நான் வெண்பா இடும் சமூக ஊடகப் பக்கத்தை அழிக்கும் வழியைக் கண்டறிதல்.

மூன்றாவது வேலைக்கு முற்பகல் முழுதும் போயிற்று. அமைப்புகள், அதற்குள் கணக்கு, அதற்குள் இன்னொரு பட்டியல். கடைசியில் இரண்டு வாசல்: தற்காலிக முடக்கம், நிரந்தர நீக்கம். வாசித்துவிட்டு மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை நடந்ததை இன்றாவது ஒழுங்காக எழுதவேண்டும். இரண்டு நாளாக இந்த ஏட்டைத் திறக்கக் கூச்சம்.

வியாழன் காலை ஏழரை. கோயிலில் துக்க மணி. பிறகு ஒலிபெருக்கியில் உபதேசியாரின் குரல்: "இன்னாசி பர்னாந்து அவர்கள் இறைவனடி சேர்ந்தார்." தெருவின் பெயரைக் காற்று கொண்டு போய்விட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் இன்னாசி என்றே எடுத்துக்கொண்டேன். கடலில் சங்கு குளித்தவர். என் மாணவி ஜெசிந்தாவின் தந்தை. மாலைதோறும் மாதா கெபியின்முன் முழந்தாளில் நிற்பவர்.

யாரையும் கேட்கவில்லை. இரண்டு தெரு நடக்கவில்லை. அரைமணியில் நான்கு வெண்பா, கையறுநிலையாக. கடைசி வெண்பாவின் ஈற்றுச் சீர் ‘உலகு’. இலக்கணத்தில் அந்தச் சீருக்குப் ‘பிறப்பு’ என்று வாய்பாடு. இறந்தவரைப் பாடிய பாட்டு பிறப்பில் முடிந்ததே என்று எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி. அதை மறைக்கமாட்டேன். சென்ற ஆண்டு சப்பரத்தன்று எடுத்த அவர் படத்தையும் சேர்த்து, எட்டேகாலுக்குப் பக்கத்தில் இட்டேன். ஊரில் முதல் அஞ்சலி என்னுடையது.

பதினொன்றேகாலுக்கு அந்த இன்னாசி பால் பாக்கெட்டோடு எங்கள் தெருவில் நடந்து போனார். தங்கை ரோசாரி ஜன்னலில் நின்றபடி, "யக்கா, ஒன் வெண்பா நடந்து போகுது" என்றாள்.

இறந்தவர் தோணி செலுத்திய தண்டல் இன்னாசி. இங்கே ஒரே பெயரில் பலர். அதனால் ‘தண்டல்’, ‘சங்கு’ என்று பட்டப்பெயரையும் சேர்த்து அறிவிப்பதே நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தை நிறுத்தியவள் நான். மூன்றாண்டுக்கு முன் பங்குப் பேரவையில் எழுந்து, ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் இருக்க, ஆலயத்தின் ஒலிபெருக்கியில் பட்டப்பெயர் முழங்குவது முறையன்று என்றேன். கைதட்டினார்கள். அன்றிலிருந்து திருமுழுக்குப் பெயர் மட்டும்.

பதினொன்றரைக்குப் பாடலின் தலைப்பில் திருத்தம் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். பாடலை எடுக்கவில்லை. எடுத்தால் ஒளித்தது போலாகும் என்று எண்ணினேன். அதற்குள் அடியில் கண்ணீர் வரிகள் நூற்றுக்கு மேல்.


ஜூன் 29, ஞாயிறு

இராயப்பர், சின்னப்பர் திருநாள். காற்று அடங்கவில்லை. முதல் பூசைக்குமுன் பாவசங்கீர்த்தனம்.

"இது பாவம் இல்லம்மா, தவறு" என்றார் சாமி.

அவசரம், பெருமை, இரண்டும் பாவந்தானே சுவாமி என்றேன். பக்கத்தையே அழிக்கப் போவதாகவும் சொன்னேன்.

அதற்கு அவர், "அழிச்சா பாவம் போயிருமா, பாவம் பண்ணின எடம் போயிருமா?"

அபராதம்: தண்டல் வீட்டில் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை.

போகும் வழியில் தேநீர்க்கடை. சங்கு இன்னாசி பெஞ்சில். சுற்றிலும் நாலைந்து பேர்.

"ஏலே இன்னாசி, மோட்சத்துல எடம் இல்லன்னு தொரத்திட்டாவளா?"

"செருப்ப விட்டுட்டுப் போயிட்டேம்லே. எடுக்க வந்தேன்."

குடையைத் தாழ்த்திக்கொண்டு கடந்தேன். இந்த ஊரில் குடையால் முகம் மறைத்து நடந்தது இதுவே முதல்முறை.

தண்டலின் மனைவி கருப்புப் புடவையில், சுவரோரம். என்னைக் கண்டதும் அழவில்லை.

"உசுரோட இருக்கவருக்குப் பதினாறு வரி. எங்க வீட்டு மனுசன் பெட்டிக்குள்ள கெடந்தாரு. அவருக்கு ஒரு வரி கெடையாது. என் மருமவ போன்ல காட்டுதா. வேற ஒருத்தர் படம் போட்டிருக்கு."

இன்றே எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் டீச்சர். அவரு பாட்டெல்லாம் கேக்க மாட்டாரு. ரேடியோவுல காத்து எப்படின்னு மட்டுந்தான் கேப்பாரு. இங்கன உக்காந்து செபமாலை சொல்லுங்க. போதும்."

சொன்னேன். மூன்றாம் பத்து மணியில் அவரும் சேர்ந்துகொண்டார். முழங்கால் வலி இன்னும் தீரவில்லை.


ஜூன் 30, திங்கள்

மின்கட்டணம் செலுத்தியாயிற்று. சொட்டு மருந்து கிடைக்கவில்லை. ரோ. நெத்திலிக் குழம்பில் உப்பை மறந்துவிட்டாள், நான் சொல்லிக்காட்டவில்லை.

பத்தரைக்குக் குவைத்திலிருந்து அழைப்பு. ஜெசிந்தா. அங்கே செவிலி. பத்தாம் வகுப்பில் யாப்பில் முழு மதிப்பெண் வாங்கியவள். குரல் மாறவேயில்லை.

தந்தையோடு அவள் பேசி ஒன்பது ஆண்டு. தாய் சாகக் கிடந்தபோது அவர் வேம்பார்ப் பக்கம் சங்குக்குப் போயிருந்தார். இருமுறை ஆள் அனுப்பினார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் அழைப்பார், இவள் எடுப்பதில்லை. இது தெருவுக்கே தெரிந்த செய்தி.

தெரியாத செய்தி ஒன்று உண்டு. வியாழனன்று என் பாடலின் அடியில் ஜெசிந்தாவும் எழுதினாள். நான்கு வரி. ஒன்பது மணியளவில் நான் வாசித்தேன். கும்பிட்ட கைப் படம் ஒன்றை மறுமொழியாக இட்டேன். என் திருத்தம் வந்ததும் அவள் அந்நான்கு வரியையும் அழித்துவிட்டாள்.

"நீங்க மட்டுந்தான் பாத்திருக்கீங்க டீச்சர். வேற யாரும் பதில் போடல."

ஆம் என்றேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றேன்.

"அந்த மூணு மணி நேரம்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு: "அவரு இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா எழுதிருக்க மாட்டேன். இல்லாதவருக்குத்தான் எழுதினேன். அது அவரு காதுக்குப் போவக் கூடாது. சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

சத்தியம் செய்யும் வழக்கம் எனக்கில்லை. சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அது எனக்குச் சத்தியத்துக்குக் குறைந்ததன்று.

அந்நான்கு வரி மனப்பாடமாகிவிட்டது. எழுபத்துநான்கு வயதில் எதுவும் ஒரே வாசிப்பில் நிற்பதில்லை, இது நின்றுவிட்டது. இந்த ஏட்டிலும் எழுதமாட்டேன். முதற்சொல்லை எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன்.


ஜூலை 1, செவ்வாய்

காலை ஒன்பது. வாசலில் இன்னாசி. துவைத்த சட்டை, பொத்தான் வைத்த பழைய கைப்பேசி.

"செத்தவன் வந்திருக்கேன். உள்ள வரலாமா டீச்சரம்மா?"

ரோ. நாற்காலி போட்டாள். "மூணாம் நாளே வருவீயன்னு பாத்தோம். மூணு நாள் பிந்திட்டு" என்றாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்று கைகூப்பி, என் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பொறுக்கதுக்கு என்ன இருக்கு. ஒரு உதவிக்கு வந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. என்னைய நெனச்சு யாரு யாரு என்ன எழுதிருக்காவன்னு வாசிச்சுக் காட்டுதியளா? அழிக்கப் போறீயன்னு கேள்விப்பட்டேன்."

ரோசாரியைப் பார்த்தேன். அவள் அடுக்களைக்குள் போனாள்.

வாசித்தேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு குறிப்பு.

"அவனா? எதுக்க வந்தா எதிர்ச்சாரிக்குப் போவான். கண்ணீர் விட்டிருக்கானா? எத்தன கண்ணீர்?"

ஐந்து அழுமுகப் படம் என்றேன்.

"அஞ்சா." விரல்களை மடக்கிப் பார்த்தார். "நாளைக்கு அவன் வீட்டுப் பக்கம் போயிட்டு வரணும்."

வேறொருவர், கடலில் மூச்சு முட்டிய நாளில் இவர் தம்மை இழுத்து மேலே கொண்டுவந்ததை எழுதியிருந்தார். இன்னாசி மறந்தே போனாராம். மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

முடிந்தது. ரோ. கொடுத்த காப்பி ஆறிப் போயிருந்தது. கேட்கப் போகிறார் என்று தெரியும். கேட்டார்.

"எம் மவ ஒண்ணும் எழுதலையா?"

எழுதினாள் என்றால் கொடுத்த வார்த்தை போயிற்று. எழுதவில்லை என்றால் பொய். ஏற்கெனவே இவரைப் பற்றி ஒரு பெரும்பொய்யை ஊரறியச் சொன்னவள் நான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "இப்ப இதுல இல்ல" என்றேன். உண்மையைச் சொன்னதாக ஒரு கணம் நினைத்தேன். சொல்லுக்குள் ஒளிவதும் ஒளிவதுதான்.

"இப்பம் இல்ல" என்று திருப்பிச் சொன்னார். "அப்பம் முன்ன இருந்துச்சோ?"

நான் வாய் திறக்கவில்லை.

"சரி" என்றார். "என்ன எழுதினான்னு சொல்லாதிய டீச்சரம்மா. அவ வேண்டாம்னு எடுத்திருக்கா. இருந்துச்சுல்லா, அது போதும்."

எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடும்போது கைப்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "புது நம்பர் தாரோம், போன் ஓசியா தாரோம்னு கடைக்காரன் எத்தன தரம் சொல்லிட்டான். மாத்தவே இல்ல."

மாலை ஐந்தரைக்கு ‘நிரந்தர நீக்கம்’ என்பதை அழுத்தினேன். முதலில் முடக்கிப் பார்க்கலாமே என்று அது கேட்டது. முடக்கம் என்பது கதவைச் சாத்தி உள்ளே உட்காருவது. வேண்டாம். ஏழாண்டு எழுதியவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாமே என்றது. அங்கே கை நின்றது. நாளுக்கொரு வெண்பா, பாதிக்குப் படியும் இல்லை. தளை தட்டாதவை சில, பொருள் தட்டாதவை அதனினும் சில. வேண்டாம் என்றே அழுத்தினேன். சுவாமி கேட்டதற்கு இது விடையன்று. ஆனால் கைதட்டல் கேட்ட இடத்தில் இனி எனக்கு வேலையில்லை.

முப்பது நாள் அவகாசமாம். அதற்குள் ஒருமுறை உள்நுழைந்தாலும் நீக்கம் ரத்தாகும். மோட்சத்துக்குமுன் ஆன்மாக்கள் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் போல.


ஜூலை 12, சனி

காற்று சற்றுத் தணிவு. கண் மருந்து கிடைத்தது.

காலை செபம் முடிந்ததும் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. நேற்று கடவுச்சொல்லின் முதல் மூன்று எழுத்து வரை. ரோ. பார்த்துவிட்டாள்.

"கல்லறைக்குப் பக்கத்துல போவாத. நீ எட்டிப் பாத்தாலே அது எந்திரிச்சு வந்துருமாம்."

பங்குப் பேரவை. பட்டப்பெயரை மறுபடி சேர்க்கவேண்டும் என்று எழுந்து சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு குரல்: "டீச்சருக்கு என்ன பட்டப்பேர் தெரியுமா?" சிரிப்பு. எனக்குத் தெரியாது. திரும்பும் வழியில் ரோசாரியிடம் கேட்டேன். வெகுநேரம் மறுத்துவிட்டுச் சொன்னாள். ‘அரசனைத் திருத்தி’. வந்தவர் அரசனேயாயினும் எழுத்துப்பிழை பார்ப்பவளாம். நாற்பதாண்டாக இருக்கிறதாம்.

பொருத்தமான பெயர்தான். என் சாவு மணிக்கு அதையே சேர்த்து அறிவிக்கச் சொல்லியிருக்கிறேன். ஊரில் என் பெயரில் மூவர்.


ஜூலை 27, ஞாயிறு

தண்டல் இன்னாசியின் முப்பதாம் நாள் பூசை, வீட்டாரின் வசதிக்காக ஞாயிறுக்குத் தள்ளி, இன்று. அறிவிப்பில் ‘தண்டல்’ தெளிவாகக் கேட்டது. அவர் மனைவி எனக்குத் தம் பக்கத்தில் இடம் விட்டார். ஜெசிந்தாவிடமிருந்து ஒன்றும் இல்லை. நானாக அழைக்கவில்லை.


ஜூலை 31, வியாழன்

இன்னாசியார் திருநாள். மறுபடி கச்சான், பலமாக. பக்கத்துக்கு இன்று கடைசி நாள்.

காலையில் சங்கு இன்னாசி வந்தார். பேர்கொண்ட திருநாளுக்கு மக்ரூன் ஒரு பொட்டலம். அழிந்துவிட்டதா என்று கேட்டார். மாலையோடு என்றேன். தலையசைத்தார்.

பதினொன்று. குவைத்து.

"டீச்சர், உங்க பக்கத்தத் தேடினேன். இல்ல."

இன்றோடு அறவே போய்விடும் என்றேன்.

"அவரு வந்தாராமே. பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராமே." பிறகு: "என்னையக் கேட்டாரா?"

கேட்டார் என்றேன். நான் சொன்னது, சொல்லாதது, அவர் திருப்பிக் கேட்டது, நான் வாய் திறவாமல் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உன் சொல்லைக் காத்தேனா உடைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை என்றும் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். இருந்துச்சுல்லா, அது போதும்.

அந்தப் பக்கம் ஏதோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஓசை. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"பழைய நம்பர்தானா டீச்சர்?"

அதே எண் என்றேன். மாற்றவேயில்லை என்றேன்.

வைத்துவிட்டாள்.

மணி பதினொன்று இருபது. அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் கைப்பேசி மணி அடித்தாலும் இங்கே கேட்காது. தெரிந்தும் ஜன்னலைத் திறந்தேன்.

"புழுதி வருதுக்கா, சாத்து" என்றாள் ரோசாரி.

சாத்தவில்லை.