சன்னல் இல்லாத அறையின் முகவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை பக்கத்துத் தெருவைக் கடக்கையில் ஈரச் சுண்ணாம்பின் வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் குடியிருந்த அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உப்புப் பூத்துக் கறுத்துப்போன அந்தச் சுவரைச் சுரண்டக்கூட இல்லை; பூஞ்சையின் மேலேயே பூசினார்கள். வாசலில் ‘டு-லெட்’ அட்டை.

காரைக்கால்மேட்டில் கருவாடு காயவைக்கும் கூலியில் உங்களுக்கு அந்த அறைதான் கட்டுபடியாயிற்று. மருத்துவர் காசநோய் என்று கூறி, காற்றோட்டமான இடத்தில் உறங்குமாறு அறிவுறுத்தினார். காரணத்தை மறைத்து வீட்டுக்காரரிடம் ஒரு சன்னல் கேட்டீர்கள். அவர் பல் குத்திக்கொண்டே, “சன்னல் வச்ச ரூமுன்னா வாடக வேறங்க” என்றார். சுவாசத்துக்கும் விலை சொன்ன அந்த வாயை எண்ணினால் இன்றளவும் அருவருப்பே மிஞ்சுகிறது.

முந்தைய வீட்டில் இருமல் சத்தம் கேட்டே உங்களைக் காலி செய்ய வைத்தார்கள். ஆகவே மருத்துவமனைப் படிவத்தை நான் நிரப்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“ஒங்க வூட்டு விலாசத்தப் போடுங்க டீச்சரம்மா. நர்ஸம்மா எங்க வாசல்ல வந்து நின்னா, சாயங்காலமே எஞ் சட்டிபான தெருவுக்கு வந்துரும்.”

பள்ளிக்குப் போகாமல் தானாகவே எழுதப் படிக்கக் கற்ற என்னை அப்படிச் சீண்டுவது உங்கள் வழக்கம். நானும் பெருமிதம் குன்றாமல், அழகிய கையெழுத்தில் அந்தப் பொய்யை எழுதினேன்.

செவிலியர் மாத்திரைகளோடு என் வீட்டுக்கு வந்தார். அவற்றை நான் உங்களிடம் சேர்ப்பித்தேன். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தும்வரை இது தடையின்றி நடந்தது. செலுத்த இயலாத நீங்கள் என்னிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினீர்கள். வரிச்சிக்குடியில் உறவினர் வீடு, பிறகு பட்டினச்சேரியில் யாருடைய கொட்டகையோ. நீங்கள் அவ்வாறு அலைந்த மூன்று வாரங்களும் மாத்திரைகள் என் அலமாரியில் கிடந்தன. செவிலியர் வினவியபோது, “ஒழுங்கா சாப்புடுறாங்க, இப்பதான் கடைக்குப் போனாங்க” என்றேன். உண்மை தெரிந்தால் அவர் உங்களைத் தேடிச் செல்வார், ஒதுங்கிய இடத்திலிருந்தும் உங்களைத் துரத்திவிடுவார்கள் என்று அஞ்சினேன்.

திரும்பி வந்தபோது உங்களை ஆட்டோவில் கிடத்தி என் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மழைக்காலத்தை நீங்கள் தாண்டவில்லை.

செவிலியரை இப்போதும் கடைத்தெருவில் காண்கிறேன். “ஒரு நாள் தவறாம மாத்திர போட்டும் போயிட்டாங்களேம்மா” என்று அவர் வருந்துகையில் தலையசைத்து நிற்கிறேன். அவரது பதிவேட்டின்படி நீங்கள் வாழ்ந்தது என் வீட்டில். நாற்புறமும் காற்று வரும் வீட்டில். அந்த அறையைப் பற்றி, அதன் உரிமையாளரைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஓர் எழுத்துகூட இல்லை. அவரை அவ்வளவு தூய்மையாகத் தப்பவைத்தது என் கைதான், அக்கா.