சுண்ணாம்புக்கு அடியில் இருந்த எட்டுக்கால் பூச்சி

கணபதி,
தாது வருஷம், ஐப்பசி மாதம்.

மாப்பிள்ளை சிரஞ்சீவி நஞ்சுண்டனுக்கு, கணபதி சமஸ்தானத்துக்கும் அதன் மூன்று எருமைகளுக்கும் ஏக அதிபதியாகிய உன் தாய்மாமன் அங்கப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தா, எருமைகள் எல்லோரும் சௌக்கியம், எருமைகள் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். கடலுக்கு அந்தப் பக்கம் உன்னையும் கோனியம்மன் அப்படியே வைத்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தில் யாருமே நம்பாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று எங்கள் எல்லைக் கருப்பராயன் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நம்பினால் அது என் குற்றமில்லை.

உன் கடிதமும், சாராயத்தில் பூச்சிகள் மிதந்த மருந்துக் குப்பியும், சுவரில் பெயர்த்துக் காகிதத்தில் மடித்த சுண்ணாம்புச் சில்லும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கடிதத்தை நான் படிக்கப் படிக்க உன் ஆத்தா அடுப்பை மறந்து நின்றதில் அன்றைக்குப் புளிக்குழம்பு தீய்ந்துபோயிற்று. நீ அந்தத் தீவில் போய் இறங்கிய அன்று கிடங்குத் துரை எதிரே உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாய், அதிலிருந்து நகக்கண் அளவுள்ள ஒரு எட்டுக்கால் பூச்சி துள்ளி அவர் சட்டைக் கையில் உட்கார்ந்தது, அன்று முதல் தேங்காய்க் கொப்பரைக் கிடங்கில் ஓடும் பூச்சி எல்லாம் நீ கொண்டுவந்த வம்சம் என்று அவர் சாதிக்கிறார், சரி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மொரீசுத் தீவிலிருந்து எந்தக் காலத்திலோ உன் தீவுக்குப் போய், பாதித் தமிழை மறந்துவிட்ட அந்தக் கிடங்கு ஆட்கள் இதற்கு உங்கள் ஊரில் என்ன பேர் என்று கேட்டால், எட்டுக்கால் பூச்சி என்று சொல்லக் கூடாதா? படித்த பிள்ளை, புத்தகத் தமிழில் சிலந்தி என்றாயாம். அந்தக் கிழவர்களில் ஒருவருக்கு மற்ற தமிழெல்லாம் மறந்தாலும் சிலந்தி மட்டும் ஞாபகம் இருந்ததாம். அது காலில் வருமே, நூல் நூலாய் வெளியே தொங்குமே, அந்தச் சிலந்தியா என்று கேட்டாராம். நீயும் பேச்சு சுவாரசியத்தில், ஆமாம், என் அப்பனுக்கே முழங்காலுக்குக் கீழே வந்தது, ஈர்க்குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுத்தோம் என்று விஸ்தாரமாகச் சொன்னாயாம். அட மாப்பிள்ளை! அவர்கள் பேர் கேட்டது பூச்சிக்கு, நீ கதை சொன்னது நரம்புச் சிலந்தி என்கிற வியாதிக்கு. இந்தப் பூச்சிதான் காலுக்குள் புகுந்து நூல் விடுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு கிடங்குப் பக்கமே வராமல் நிற்க, கொப்பரை மக்கிப்போக, இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது என்று அடுத்த கப்பலுக்குள் தெளிவாகாவிட்டால் அதே கப்பலில் உன்னை ஏற்றி அனுப்புவேன், எந்தத் தீவிலும் உனக்கு வேலை கிடையாது என்று துரை சொல்லிவிட்டாராக்கும். இந்தக் கடிதம் வரும் கப்பல்தான் அந்தக் கப்பல் என்பதை நான் மறக்கவில்லை. ஆகவே பயப்படாமல் மேலே படி.

விவசாயக் காலேஜில் பூச்சி இலாகா ஆபீசர் வெங்கடபதி என்று ஒருவர், நம் பக்கத்து நாயுடுமார் வீட்டுப் பிள்ளை, பூச்சியின் முகத்தைப் பார்த்தே அதன் பாட்டன் பேரைச் சொல்லக்கூடியவர் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். உன் ஆத்தாளும் நானும் வாரேன் என்று சேலையை மாற்றிக்கொண்டாள். காங்கேயம் காளை இரண்டும் பூட்டி வண்டியில் குப்பியை வைத்ததும் அச்சு முறிந்தது. மாற்று அச்சுப் போட்டோம், காளைகள் மண்டியிட்டன. கடைசியில் குப்பியிலிருந்த கறுப்புப் பூச்சியே மனம் இரங்கி வெளியே வந்து, ஒரு நூலை நுகத்தடியில் கட்டி, எங்களையும் காளைகளையும் சேர்த்துக் காந்திபுரம் மேட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று. வழியில் மில்லுச் சங்கு ஊதியதும் அது மிரண்டு ஒரு தாவு தாவியதில் நாங்கள் மருதமலை உச்சியில் இறங்கி, முருகனைச் சேவித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. சாட்சிக்கு என் தலைப்பாகையில் இன்னும் திருநீறு இருக்கிறது.

வெங்கடபதி ரொம்ப மரியாதையான மனிதர். "வாங்கம்மா, உக்காருங்க" என்று உன் ஆத்தாளுக்கு நாற்காலி போட்டார், அவள் உட்காரவில்லை. வண்டிச் சக்கரம் அளவுள்ள பூதக்கண்ணாடியை இரண்டு ஆட்கள் தூக்கிப்பிடிக்க, ஒரு பூச்சியைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தார். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது ஒரு ஜாதி, பழுப்பு நிறத்தில் கொஞ்சம் பெருத்தது வேறு ஜாதி என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அது புருஷன், இது பெண்சாதியாம். ஒரே ஊட்டில் குடியிருக்கும் தம்பதியை இரண்டு ஜாதியாகப் பிரித்துவிட்டாயே பாவி. வலை பின்னாதாம், சுவரில் நடந்து, பார்த்து, ஈயின் மேல் பாயுமாம். ஈக்கு எமன், மனிதருக்கு ஒன்றும் செய்யாது. அது போகட்டும், நஞ்சுண்டன் என்று பேர் வைத்துக்கொண்டவன் விஷத்துக்குப் பயப்படலாமா?

அதன் பிறகுதான் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இது நம் வீடுகளில் உள்ள பூச்சியேதானாம். "உங்க ஊட்டுச் சுவத்துலயும் இருக்குமுங்க, பாத்திருப்பீங்க" என்றார். அப்படியானால் துரை சொன்னதே சரி என்றல்லவா ஆகிறது? ஆனால் அவர் அலமாரியைத் திறந்து குப்பி குப்பியாக எடுத்து வைத்தார், கொழும்பில் பிடித்தது, ரங்கூனில் பிடித்தது, சான்சிபாரில் பிடித்தது, எல்லாம் இதே பூச்சி, எல்லாம் நீ பிறப்பதற்கு முன்னால் பிடித்தவை. கப்பல் போகிற இடமெல்லாம் இது டிக்கெட் வாங்காமல் போகிறதாம். தீவுக்குச் சொந்தப் பூச்சி இல்லை என்று துரை சொல்வது வாஸ்தவம், வந்தேறிதான், ஆனால் யாரோடு வந்தது என்பதுதான் கேள்வி என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே நீ அனுப்பிய சுண்ணாம்புச் சில்லைத் திருப்பினார், திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை, நீ அதை எதற்காகப் பெயர்த்து அனுப்பினாய் என்று உனக்கே தெரியாது. மேலே ஒட்டியிருந்த, பூச்சி கட்டிய வெள்ளைப் பட்டுப் பை ஒன்றைக் காட்டத்தானே? அவர் சின்னக் கத்தியால் சுண்ணாம்பை ஏடு ஏடாக உரித்தார். ஒரு பூச்சு, அதற்கு அடியில் இன்னொரு பூச்சு, அதற்கும் அடியில் நசுங்கிய பழைய பை ஒன்று, அதற்குள் பாம்பு சட்டை உரிப்பதுபோல் இந்தப் பூச்சி உரித்துப்போட்ட சட்டை, கண் இருந்த குழி கூட அப்படியே. "பையன் போயி எத்தனை மாசமுங்க?" என்று கேட்டார். தை மாசம் போனான் என்றேன். கிடங்குக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பார்கள் என்று உன் கடிதத்தில் இருக்கிறதா என்றார். துரையின் கஞ்சத்தனத்தைப் பற்றி நீ எழுதிய இடத்தில் இருந்தது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று. "ரெண்டு பூச்சுக்குக் கீழ சட்டை கிடக்குதுன்னா, பூச்சி உங்க பையனுக்கு முன்னாலயே அங்க குடியிருக்குதுங்க" என்றார். நான் சந்தோஷத்தில் எகிறியதில் காலேஜ் கூரையில் இரண்டு ஓடு போயிற்று.

உன் ஆத்தா மட்டும் அசையவில்லை. அந்தச் சில்லைப் பார்த்தபடியே, "ஏனுங்க, இதைப் பாக்காத மாதிரி எழுதிப்போட்டா என்னங்க?" என்றாள். ஆபீசருக்குப் புரியவில்லை. "நம்மூருப் பூச்சின்னு மட்டும் எழுதுங்க, அது பொய்யில்லீங்களே. அந்தக் கப்பல்லயே பையன் ஊடு வந்து சேந்துருவானுங்க" என்றாள். நான் அக்கா என்று அதட்டப் போனவன், தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினேன். வெங்கடபதியும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்புறம் அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாமுங்க. பூச்சி கொண்டுபோனவன்னு பேரெடுத்துட்டு வர வேண்டாம். உள்ளதையே எழுதுங்க சாமி" என்றாள்.

உள்ளதையே எழுதி, காலேஜ் முத்திரை போட்டு, இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். அதில் என் கை படவில்லை, ஒவ்வொரு எழுத்தும் நிஜம், துரை கையில் நேராகக் கொடு. சில்லையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்தச் சுவரில் அது பெயர்ந்த பள்ளத்தைக் காட்டிப் பொருத்திப் பார்க்கச் சொல். கிடங்கு ஆட்களிடம் நீ சொல்ல வேண்டியது வேறு. காலில் வருகிற நரம்புச் சிலந்தி பூச்சியால் வருவதில்லை, அது படிக்கிணற்றில் காலை நனைத்து அதே தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு வருகிற புழு, வேட்டியை நாலாய் மடித்து வடிகட்டிக் குடித்தால் வராது என்று சொல். இனி நீ அந்தப் பூச்சியை எட்டுக்கால் பூச்சி என்று மட்டுமே அழைக்க வேண்டும் என்பது சமஸ்தான உத்தரவு.

இங்கே மழை பரவாயில்லை, பருத்தி பூத்திருக்கிறது. மேற்கே தோட்டத்தில் பைக்காரா கரண்டு வந்து மோட்டார் போட்டுவிட்டார்கள், அது இறைக்கிற வேகத்தில் கிணற்றுக்கு அடியில் உன் தீவு தெரிகிறது, உற்றுப் பார்த்தால் நீயும் தெரிகிறாய், மெலிந்திருக்கிறாய். எண்ணெய் தேய்த்துக் குளி. வெறும் தேங்காயைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. துரையிடம் கோபமாகப் பேசாதே, தாளைப் பேசவிடு. பேர் சுத்தமானதும் லீவுக்கு எழுதிக் கேள், இதை மறக்காதே, மறந்தால் கறுப்புப் பூச்சியை அனுப்பி இழுத்துவரச் சொல்வேன். நீடூழி வாழ்க, சகல நன்மையும் உண்டாகட்டும் என்று உன் ஆத்தா என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள்.

ஆபீசரிடம் கேட்டதையும் பிறகு வேண்டாம் என்றதையும் பையனுக்கு எழுதிவிடாதே என்றும் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு எழுத்து தெரியாதது நல்லதாயிற்று. அச்சு முறிந்ததையும், மருதமலையையும், வண்டிச் சக்கரக் கண்ணாடியையும், உடைந்த ஓடுகளையும் நீ தாராளமாகத் தள்ளிவிடலாம். தாளும் சில்லும் போக, கதையில் அவள் பேசிய அந்த நாலு வார்த்தை மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
அங்கப்பன்