இருட்டைப் பார்க்கும் கேமரா

செப்டம்பர் 2, சொர்ட்லாண்ட், வட நார்வே

கேமரா வாங்க யோசனை கேட்டு ஊர்ப் புகைப்படச் சங்கத்துக்குப் போனது என் முட்டாள்தனம். எல்லோர் கழுத்திலும் கைக்குழந்தை கனத்துக்கு ஒன்று தொங்கியது. பகலில் மலையும் கடலும், இரவில் வானம், இரண்டுக்கும் ஒரே கேமரா வேண்டும் என்றேன். தலைவர் ஹல்வர் மெகாபிக்சல் பற்றி ஆரம்பித்தார். என் காபி ஆறிப்போனது. கடைசியில், "வானம் எடுக்கிறது குளிர்ல நிக்கிற வேலை, தோருன். உங்களுக்கு ஃபோனே போதும்" என்றார். சுவரில் அவர் எடுத்த படம். ஒரு பாறை. பிரம்மாண்டமான, துல்லியமான, கொட்டாவி வரவைக்கும் பாறை.

செப்டம்பர் 5

கடைக்காரனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இருட்டில் பின்பக்கத் திரையில் நட்சத்திரம் தெரியுமா?

"அதுக்குத்தான் கண்ணு இருக்கே. கண்ணால பார்த்துட்டுக் கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க."

கண் இருக்கிறதாம். வந்துவிட்டேன்.

செப்டம்பர் 6

துரோம்சோ நகர ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சொன்னதை இங்காவது எழுதிவிடுகிறேன். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. முதலில் இருட்டில் பார்வை போகும் — போய்விட்டது. அடுத்து ஓரங்கள். இப்போதே மலையைத் தலை திருப்பித் திருப்பி, ஒட்டுப்போட்டுத்தான் பார்க்கிறேன். அகல லென்ஸ் இருந்தால் முழு மலையும் உள்ளங்கை அளவுத் திரைக்குள் வந்துவிடும். வானம்? போன குளிர்காலம் முதல் கறுப்புத் துணி.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு முகம் காட்டுவார்களே, அதை யார் பார்ப்பது?

செப்டம்பர் 13

"ஐம்பத்தி மூணு வயசுல என்னடி புதுப் பைத்தியம்?" என்கிறாள் போடில் அக்கா. அலமாரி நிறையப் பீங்கான் பூனை சேர்ப்பவள். நான் ஏதாவது கேட்டேனா?

செப்டம்பர் 14

இணையத்தில் இரண்டு கேமராக்களுக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டை. அதில் ஒருவனாவது வாசலைத் தாண்டிப் போய் ஒரு படம் எடுத்திருப்பானா?

செப்டம்பர் 21

சங்கத்தார் இருட்டியபின் கடற்கரைக்குப் போனார்கள். அவர்கள் கேமராக்களைக் கையில் வாங்கிப் பார்க்கலாமென்று நானும் போனேன். காரை அக்கா ஓட்டினாள். நீ ஏன் ஓட்டுவதில்லை என்று வழியெல்லாம் கேட்டாள்.

ஹல்வரின் கேமராத் திரையில் கஞ்சி கொதிப்பதுபோல் புள்ளிகள், வேறொன்றும் இல்லை. ஒருவர் வீடியோவுக்கென்று ஒரு பழைய கேமரா வைத்திருந்தார், மெகாபிக்சல் குறைந்தது, ஆனால் மங்கல் வெளிச்சத்துக்கென்றே செய்ததாம். அதை வானத்துக்குத் திருப்பினேன்.

நட்சத்திரங்கள். அத்தனையும்.

"இதுல பாறையை எடுத்தா சுவர் அளவுக்குப் பெருசாக்க முடியாதே" என்றார் ஹல்வர்.

"பாறையைத் தூக்கிக் கடல்ல போடுங்க. எனக்கு வானமே தெரியல. இப்போ உங்க மூஞ்சியும் தெரியல."

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஹல்வர் தன் டார்ச்சை என் காலடிக்குத் திருப்பினார். அவரிடமிருந்து வந்த உருப்படியான விஷயம் அந்த வெளிச்சம்தான். திரும்பும்போது தடுக்கினேன், அக்கா கையைப் பிடித்தாள். வலிக்கும்படி.

செப்டம்பர் 22

அக்கா இந்தப் பக்கம் வரவில்லை.

செப்டம்பர் 24

வந்தாள். அழுதிருக்கிறாள். "என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றதா இருந்த?"

உன் பரிதாபம் வேண்டாம் என்றேன்.

"பரிதாபமா? ஓங்கி அறையணும்போல இருக்கு."

அது பரவாயில்லை.

அக்டோபர் 4

வாங்கிவிட்டேன். அந்தப் பழைய மாடலேதான், அகல லென்ஸோடு. இதைவிட நல்லது இருக்கிறதே என்றான் கடைக்காரன். உனக்கு இருக்கும் என்றேன். மாலை வெளிச்சத்தில் மலையைத் திரைக்குள் கொண்டுவந்தேன். ஒட்டில்லாமல், முழுசாக. ஹல்வர் ஃபோன் செய்தார், எடுக்கவில்லை. மன்னிப்பிலும் மெகாபிக்சல் இருக்கும்.

அக்டோபர் 9

அக்காவும் நானும் கடற்கரையில். முக்காலியை அவள் நிறுத்தினாள். திரையில் வானம் வந்ததும், நான் சரியாகப் பார்ப்பதற்குள் தலையை உள்ளே நுழைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். மறுபடி திரையை. மறுபடி அண்ணாந்து.

"என் கண்ணுக்கும் இவ்வளவு தெரியலடி" என்றாள்.

பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். என் கேமரா. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், விடவில்லை.